ஒரு சோறு பதம் ஆகாது

மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி எழுதுவார்: "சார், சாலிட் மெக்கானிக்ஸ்ல பிஎச்டி பண்ணலாம்னு ஆசை. ஆனா அது எல்லாம் கண்டுபிடிச்சு முடிஞ்ச துறைன்னு சொல்றாங்களே, வேலை கிடைக்குமா?" திடப்பொருள்கள் சுமையில் எப்படி வளைகின்றன, எப்போது உடைகின்றன என்று பார்க்கும் துறை அது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வகுப்புத் தோழர்கள்தான், மெஷின் லேர்னிங் பக்கம் ஏற்கெனவே தாவிவிட்டவர்கள். நான் அவசரத்தில் இரண்டு வரி பதில் போட்டுவிடுவேன். அப்புறம் அன்று முழுக்க அந்தப் பதில் போதவில்லை என்று உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் இந்த முறை உட்கார்ந்து நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சுவரில் செருகிய உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கலிலியோ 1638-லேயே கணக்குப் போட்டுவிட்டார். தப்பாகத்தான் போட்டார், குறுக்குவெட்டு முழுக்க ஒரே அளவு இழுவை இருக்கும் என்று எடுத்துக்கொண்டதால் விடை மூன்று மடங்கு அதிகமாக வந்தது, ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டார். ஹூக் 1678-ல் நீட்சியும் விசையும் ஒன்றோடொன்று நேர் விகிதத்தில் போகும் என்று எழுதினார். கோஷி 1822-ல் தகைவு (பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) என்றால் என்ன என்பதைத் தெளிவாக வரையறுத்தார். அதற்கு அப்புறம் சில பத்தாண்டுகளில் மீட்சிப் பண்பின், அதாவது சுமையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மையின், சமன்பாடுகள் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன, இன்றைக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தீர்ப்பதும் பெரும்பாலும் அதே சமன்பாடுகளைத்தான். ஆக, ஒரு பொருள் எவ்வளவு வளையும் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஆமாம், துறை முடிந்துவிட்டது. எப்போது உடையும் என்று கேட்டால்தான் நாங்கள் எல்லாரும் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறோம்.

ஏன் ஒன்று முடிந்தது, மற்றது முடியவில்லை? இதற்கு நம்மிடம் இருக்கும் பழமொழியை விட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வளைவது அப்படிப்பட்ட விஷயம். ஒரு எஃகுத் தண்டில் எந்த இடத்தில் சின்னத் துண்டு வெட்டிச் சோதித்தாலும் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும், ஏனென்றால் அது கோடானுகோடி அணுப் பிணைப்புகளின் சராசரி, நாலு பிணைப்பு கோணலாக இருந்தால் சராசரி அசையாது. உடைவது அப்படி இல்லை. பானையில் வேகாத ஒரே ஒரு அரிசி எங்கோ அடியில் கிடந்தால், அதுதான் முடிவு செய்யும். நீங்கள் எடுத்துப் பார்த்த சோறு எவ்வளவு பதமாக இருந்தது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

நேர்காணலில் உட்காரும்போதெல்லாம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு எஃகு உத்தரம் அளவுக்கு மீறித் தொய்கிறது. அதே அளவில், இரண்டு மடங்கு வலிமையுள்ள எஃகைப் போட்டால் தொய்வு எவ்வளவு குறையும்? நல்ல மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் "பாதியாகும் சார்" என்கிறார்கள். குறையவே குறையாது. மலிவான எஃகோ உயர்ரக எஃகோ, யங் குணகம் 200 ஜிகா பாஸ்கலை ஒட்டியே நிற்கும், அலுமினியம் என்றால் 70. வலிமை மட்டும் பல மடங்கு மாறும். இந்த ஒரு வித்தியாசம் உடம்பில் ஊறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. மற்றதையெல்லாம் வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசத்தை முதலில் கையில் பிடித்துக் காட்டியவர் கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளைஞர். இயந்திர பாகங்களின் மேல் இருக்கும் சின்னச் சின்னக் கீறல்கள் ஏன் அவற்றை இவ்வளவு பலவீனப்படுத்துகின்றன என்பதுதான் அவரை அரித்த கேள்வி. அதற்கு முன்பே, 1913-ல், இங்லிஸ் என்பவர் தகட்டில் நீள்வட்ட ஓட்டை இருந்தால் அதன் முனையில் தகைவு எத்தனை மடங்கு கூடும் என்று கணக்கிட்டிருந்தார். வட்ட ஓட்டைக்கு மூன்று மடங்கு. ஓட்டை ஒடுங்கிக் கூர்மையாகக் கூர்மையாக அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும், முழுக்கக் கூரான விரிசல் என்றால் எல்லையே இல்லை. இது வினோதமான விடை. அப்படிப் பார்த்தால் தலைமுடி அளவு கீறல் உள்ள எந்தப் பொருளும் தொட்டாலே உடைய வேண்டும், ஆனால் உலகத்தில் கீறல் இல்லாத பொருளே கிடையாது, எல்லாம் நன்றாகத்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

கிரிஃபித் தகைவை விட்டுவிட்டு ஆற்றலைப் பிடித்தார். விரிசல் கொஞ்சம் நீண்டால் புதிதாக இரண்டு பரப்புகள் உருவாகின்றன, அதற்கு ஆற்றல் செலவாகும். அதே நேரம் சுற்றியுள்ள பொருள் தளர்ந்து ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். வரவு செலவை மிஞ்சும் நீளத்தை எட்டும் வரை விரிசல் சும்மா கிடக்கும், எட்டிய பிறகு தானாக ஓடும். சொன்னதோடு நிற்காமல் கண்ணாடியை இழை இழையாக இழுத்து உடைத்தும் பார்த்தார். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் 170 மெகா பாஸ்கலில் உடைந்த அதே கண்ணாடி, 3 மைக்ரான் சொச்சம் தடிமனுக்கு வந்தபோது 3,400 மெகா பாஸ்கல் வரை தாங்கியது. ஏறக்குறைய இருபது மடங்கு! பொருள் ஒன்றேதான். மெல்லிய இழைக்குள் பெரிய குறை ஒளிந்துகொள்ள இடம் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரை 1921-ல் வெளியானது. உலோகங்களோடு வேலை செய்தவர்கள் அதைக் கண்ணாடிக்காரர்களின் சமாச்சாரம் என்று ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார்கள்.

ஒதுக்கியதன் விலை கப்பல்களில் தெரிந்தது. 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டிய இடத்திலேயே பெரும் சத்தத்தோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை, குண்டும் இல்லை. போர்க்கால அவசரத்தில் தகடுகளை ரிவெட் ஆணி அறைந்து இணைப்பதை விட்டுவிட்டு வெல்டிங்குக்கு மாறியிருந்த காலம், எனவே எல்லாரும் வெல்டர்கள் மேல் பழியைப் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் ஆய்வாளர் உடைந்த எஃகை எடுத்துச் சோதித்து, அந்த எஃகே குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். வெல்டிங்குக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வேறு விதத்தில்: ஆணி அறைந்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும், வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு, விரிசலுக்குத் தடையே கிடையாது. இதற்குப் பிறகுதான் உலோகக்காரர்களும் கிரிஃபித்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இர்வின் அதை உலோகங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார், இன்று எல்லாரும் பயன்படுத்தும் 'கே' என்ற தகைவுச் செறிவெண் (விரிசல் முனையில் தகைவு எவ்வளவு கடுமையாகக் குவிகிறது என்று சொல்லும் எண்) அவருடைய 1957 கட்டுரையிலிருந்து வந்தது.

சரி, வரலாறு போதும், என் கதைக்கு வருகிறேன்.

நான் பிஎச்டி சேர்ந்த முதல் மாதம், எஃகுப் பட்டை ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டி, இயந்திரத்தின் கிராஸ்ஹெட் (மாதிரியைப் பிடித்து இழுக்கும் நகரும் சட்டம்) நகர்ந்த தூரத்தை நீட்சி என்று எடுத்துக்கொண்டு யங் குணகம் கணக்கிட்டேன். 38 ஜிகா பாஸ்கல் வந்தது. இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, வாங்கிய எஃகு போலி என்று முடிவுகட்டி, அதை எழுதிக்கொண்டு போய் என் வழிகாட்டியிடம் நீட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "மெஷினும் நீளுதுப்பா" என்று மட்டும் சொன்னார். பிடிகள், தண்டு, சட்டம் எல்லாம் சேர்ந்து நீள்வதைத்தான் நான் அளந்திருக்கிறேன், பட்டை நீண்டது அதில் கொஞ்சம். மாதிரியின் மேலேயே, அதன் நீட்சியை மட்டும் அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரைக் கவ்வ வைத்த பிறகு 205 வந்தது. இதைத் தங்கள் கையால் தப்பாகச் செய்து பார்க்காத ஆட்களிடம் சோதனைத் தரவைக் கொடுக்க எனக்கு இன்றும் பயம்தான்.

அதை விடப் பெரிய பாடம் இரண்டாவது வருடம். உலோகச் சோர்வுச் சோதனை, அதாவது உடைக்கும் அளவை விடக் குறைந்த சுமையை லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. ஒரே தண்டிலிருந்து, ஒரே ஆள், ஒரே கடைசலில் செய்த பதினாலு மாதிரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே சுமை. முதலாவது ஒரு லட்சம் சுழற்சிகூடத் தாண்டவில்லை, கடைசி ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டியும் ஓடியது. நான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்றே நினைத்தேன், பதினாலையும் கூட்டி வகுத்து ஒரே ஒரு அழகான எண்ணைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை வழிகாட்டிக்குக் கோபம் வந்தது. "ஆவரேஜ் யாரு கேட்டா? முதல்ல உடைஞ்சது எங்க?" அதைத் தேடி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். உடைந்த பரப்பில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி வளைய வளையமாகக் கோடுகள், எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புகின்றன, அந்தப் புள்ளியில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு ஆக்சைடு துகள், முடியின் பருமன்கூட இருக்காது. பதினாலு பேர் பந்தயத்தில் அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் அந்தத் துகள் வாய்த்திருக்கிறது. என் ஆய்வேடு உருப்படியான திசையில் திரும்பியது அந்த மதியம்தான்.

இந்தத் துறையை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன், நாங்கள் மோசமான ஒன்றைத் தேடிப் போகிறவர்கள். வைபுல் என்ற ஸ்வீடன்காரர் 1939-ல் இதற்குக் கணிதமே எழுதிவைத்தார். ஒரு பொருள் தன்னுடைய மிகப் பலவீனமான இடத்தில்தான் உடைகிறது என்று எடுத்துக்கொண்டால், பெரிய பொருளில் மோசமான குறை இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே அதே பொருள் அளவில் பெரிதாகப் பெரிதாக வலிமை குறையும். ஆய்வகத்தில் விரல் நீள மாதிரியைச் சோதித்துவிட்டு அதே எண்ணைப் பெரிய பாகத்துக்குப் போடுகிறவர்கள் எவ்வளவு பெரிய கடன் வாங்குகிறார்கள் என்று இதிலிருந்து தெரியும்.

காமெட் விமானக் கதையில் எனக்குப் பிடித்த, ஆனால் அதிகம் பேசப்படாத பகுதியும் இதைப் பற்றியதுதான். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம், 1954-ல் ஜனவரியில் எல்பா தீவு அருகே ஒன்றும் ஏப்ரலில் நேபிள்ஸ் அருகே ஒன்றுமாக வானத்திலேயே சிதறின. ஃபார்ன்பரோவில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி ஒரு முழு விமான உடலை அதில் இறக்கி, பறந்து இறங்குவது மாதிரி அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், அது முன்பு பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 சுழற்சியில் திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து கிழிந்தது. சதுர ஜன்னல் கதையாக இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வடிவமைத்தவர்கள் சோர்வுச் சோதனை செய்யாமல் விடவில்லை. செய்தார்கள், அந்த மாதிரி 16,000 சுழற்சிக்கு மேல் தாங்கியது. கோளாறு என்னவென்றால், அதே மாதிரியை அதற்கு முன்பே உறுதிச் சோதனைக்காக அதிக அழுத்தத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் கொஞ்சம் இளகி, சுமையை இறக்கியதும் அங்கே ஒரு அமுக்கம் தங்கிவிட்டது, விரிசலுக்கு அது கடிவாளம் போட்டதுபோல. வானத்தில் பறந்தவற்றுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. எடுத்துப் பார்த்த சோறு தனியாக வெந்தது!

காமெட்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஒரு பெரிய மாற்றம் வந்தது, விரிசல் இருக்கவே கூடாது என்பதை விட்டு, இருக்கும் என்றே வைத்துக்கொள், எவ்வளவு வேகமாக வளரும் என்று சொல், என்ற இடத்துக்கு. இதற்கு அடிப்படை பால் பாரிஸ். போயிங்கோடு வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நீள்கிறது என்பது இர்வினுடைய 'கே' எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது என்று தரவோடு எழுதினார். மூன்று முன்னணி ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. விரிசல் முனையில் உலோகம் நிரந்தரமாகச் சிதைகிறது, அதை மீட்சிக் கணக்கிலிருந்து வந்த எண்ணால் எப்படிச் சொல்ல முடியும் என்பது மறுத்தவர்களின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. கடைசியில் 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. இன்று சோர்வு விரிசல் பற்றி யார் எதை எழுதினாலும் பாரிஸ் விதியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. என் கட்டுரை திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன், என் கட்டுரைகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருந்தாலும்.

வேலை என்று பார்த்தால் இந்த மாற்றத்தின் மேல்தான் ஒரு பெரிய தொழிலே நிற்கிறது. ஒரு விமானத்தை எத்தனை பறப்புக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும், பார்க்கும் கருவிக்குத் தட்டுப்படாத அளவில் அதிகபட்சம் எவ்வளவு பெரிய விரிசல் இருக்கலாம், அது ஆபத்தான நீளத்தை எட்டுவதற்குள் நாம் இரண்டு தடவையாவது பார்த்துவிடுவோமா, இதைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள். கவனியுங்கள், கண்டுபிடித்த விரிசல் கணக்கில் வராது, கண்டுபிடிக்காமல் விட்டதுதான் வரும். 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 89,680 பறப்புகளுக்குப் பிறகு நடுவானில் மேற்கூரையில் ஒரு பெரும்பகுதியை இழந்தது. விமானி அதைத் தரையிறக்கியது அதிசயம், பணிப்பெண் ஒருவர் இறந்தார். அங்கே ஒரு பெரிய விரிசல் இல்லை, ஆணி வரிசையில் வரிசையாகக் குட்டி விரிசல்கள், தனித்தனியாக ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய அளவு, திடீரென்று கைகோத்துக்கொண்டன. அதுவரை ஒற்றை விரிசலை வைத்தே யோசித்துப் பழகிய எல்லாருக்கும் அது அடி.

விமானத்தோடு முடிவதில்லை. சிப் தயாரிப்பில் சிலிக்கன் சூட்டில் விரிவதை விடச் செம்பு ஆறு மடங்குக்கும் மேல் விரியும், இரண்டையும் ஒட்டவைத்த இடத்தில் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஈயப்பற்று மாதிரியான இணைப்புகள் சோர்ந்துகொண்டே போகும். பேட்டரியில் சிலிக்கன் எதிர்மின்வாய் லித்தியத்தை உறிஞ்சி மூன்று மடங்கு அளவுக்குக் கூடுதலாக வீங்கும், வீங்கிச் சுருங்கித் தூளாகும். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் பத்து வருடத்தில் சுமார் 40 கோடித் துடிப்புகளைத் தாங்க வேண்டும், மாற்றிப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த உலோகத்தில் அடுக்குகளுக்கு நடுவே துளைகள் ஒளிந்திருக்கும். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கிறது என்று 1875-லேயே எழுதிவிட்டார்கள், அது எப்படி நடக்கிறது என்று இன்னும் மாநாடுகளில் குரல் உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், இப்போது ஹைட்ரஜனைக் குழாயில் அனுப்பலாம் என்று உலகமே கிளம்பியிருப்பதால் அந்தச் சண்டைக்குத் திடீரென்று நல்ல மவுசு. முடிந்துபோன துறையாம்!

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இந்தத் துறையில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நாள் முழுக்கச் செய்வது ஃபைனைட் எலிமென்ட் சிமுலேஷன். பாகத்தைச் சின்னச் சின்னக் கூறுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, கணினியிடம் கொடுத்துவிடுவது. 1950-களில் விமானப் பொறியாளர்கள் கையில் உருப்பெற்றது, 1960-ல் கிளஃப் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். விடை சிவப்பும் நீலமுமாகப் படமாக வரும். அந்தப் படம் ரொம்ப அழகு, ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

என் முதல் வேலையில் ஒரு தாங்கிக்குக் கணக்குப் போட்டேன், உள்பக்கமாகத் திரும்பும் கூரான மூலை ஒன்று அதில் இருந்தது. அங்கே தகைவு 240 மெகா பாஸ்கல் வந்தது. துல்லியமாக இருக்கட்டும் என்று மெஷ்ஷை, அதாவது அந்தக் கூறுகளின் வலையை, நுணுக்கினேன், 310. இன்னும் நுணுக்கினேன், 400. இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் 520. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்ற மூத்த பொறியாளர் ஒருவர் வெறுமனே கேட்டார்: "இன்னும் நுணுக்குனா?" கூடும். "அப்புறம்?" இன்னும் கூடும். கூரான உள்மூலையில் மீட்சிக் கணக்குக்கு விடையே கிடையாது, எல்லையில்லாமல் ஏறிக்கொண்டேதான் போகும், இங்லிஸின் பழைய பிரச்சினை அப்படியே. எந்த மெஷ்ஷில் நிறுத்தினேனோ அதுதான் நான் அறிக்கையில் எழுதும் எண். மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. அலகு விஷயத்திலும் அப்படித்தான், மில்லிமீட்டரில் மாடல் போட்டுவிட்டு எஃகின் அடர்த்தியை 7,850 என்று கொடுத்தால் அது வாய் திறக்காது (7.85-ஐ ஒன்பது தசம இடம் தள்ளிப் போட வேண்டும், டன் கணக்கில்). அதனால் புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: பட்டனை அழுத்துவதற்கு முன்னால் விடை எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிவை. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதி வைக்காதவருக்குத் தப்பு நடந்ததே தெரியாது.

விரிசல் தானே வழி தேடிப் போகும்படி கணக்கிடும் முறைகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன, 2000-ல் சில்லிங் கொண்டுவந்த பெரிடைனமிக்ஸ் ஒரு பக்கம், ஃபேஸ் ஃபீல்டு முறைகள் இன்னொரு பக்கம். இரண்டுமே நல்ல சரக்கு. ஆனால் ஒரு பக்கம் வெட்டு வைத்த சதுரத் தகட்டையே எல்லாரும் திரும்பத் திரும்ப உடைத்துக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, அந்தச் சதுரம் இதற்குள் எத்தனை ஆயிரம் தடவை செத்திருக்கும்! மெஷின் லேர்னிங் பற்றியும் கேட்பார்கள், எனவே ஒரு வார்த்தை. உலோகத்துக்குள் இருக்கும் படிகமணிகளின் படத்தைக் கொடுத்தால் யங் குணகத்தை நன்றாகவே கணிக்கிறது, வளைவதையும் நன்றாகக் கணிக்கிறது. சராசரியைக் கற்றுக்கொள்வதில் அதற்கு நிகரே இல்லை. நமக்கு வேண்டியது லட்சத்தில் ஒன்று, அதைப் பற்றித் தரவு இருக்காது, இருந்தால் அது லட்சத்தில் ஒன்றாக இருக்காது. இதை உணர்ந்து வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

கல்விப்புலமா தொழில்துறையா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. விநாடிக்கு 20 சுழற்சி என்று வைத்தால் ஒரு கோடிச் சுழற்சிக்கு ஆறு நாள் ஆகும், ஒரே ஒரு மாதிரிக்கு. நூறு கோடி வேண்டுமென்றால் ஒன்றரை வருடத்துக்கும் மேல். மீயொலியில் விநாடிக்கு 20,000 என்று அதிர வைத்தால் அதே நூறு கோடி பதினாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் அவ்வளவு வேகத்தில் மாதிரி சூடாகும், விடை அதே விடையா என்று வாதாட வேண்டிவரும். இந்த நிலையில் மூன்று வருடத்தில் நாலு கட்டுரை என்று எதிர்பார்க்கும் இடத்தில் எந்த மாணவர் சோதனையைத் தேர்ந்தெடுப்பார்? சிமுலேஷன்தான் எடுப்பார். அதனால்தான் மாதிரியைக் கையால் மெருகேற்றி, நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை ஒட்டி, உடைந்த பரப்பைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நிறுவனங்கள் அவர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் தெரிந்தவர் என்றால் நான் நேர்காணலைப் பாதியிலேயே முடித்துவிடுவேன், நல்ல விதமாக.

தொழில்துறையில் என்னைக் காயப்படுத்திய சம்பவம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். ஒரு பாகத்துக்குப் பன்னிரண்டு மாதிரிகள் சோதித்தோம், பதினொன்று ஒரே கொத்தாக நின்றன, ஒன்று மட்டும் அதில் கால்வாசி ஆயுளில் போய்விட்டது. கூட்டத்தில் மேலாளர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, பிடியில் கோணலாக மாட்டியிருப்பார்கள், எடுத்துவிடலாம் என்றார். மாட்டியது நான்தான். கோணலாக மாட்டவில்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, உடைந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்க்க இரண்டு நாள் கேட்டேன், அட்டவணையில் இரண்டு நாள் இல்லை. வரைபடத்திலிருந்து புள்ளி போய்விட்டது, நானும் சும்மா இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து வெளியே போன பாகங்களில் ஒன்று விரிசலோடு திரும்பி வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பன்னிரண்டாவது மாதிரியைத் தூக்கி எறியாமல் என் இழுப்பறையில் வைத்திருந்தேன், அதையும் திரும்பி வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வார்ப்பில் இருந்த துளை, இரண்டிலும் ஏறக்குறைய அதே இடத்தில். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை, ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். மாதிரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆய்வகத்தில் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையில் பதினெட்டாவது, பதினேழு ஏற்கெனவே உடைந்துவிட்டன. சற்று முன் எட்டிப் பார்த்தபோது திரையில் 92 லட்சம் தாண்டியிருந்தது. ஒரு கோடியில் நிறுத்திவிடுவதாகத் திட்டம், அடுத்து ஒரு மாணவி மெஷினுக்காக இரண்டு வாரமாகக் காத்திருக்கிறார். இதே வேகத்தில் போனால் இன்னும் பதினோரு மணி நேரம், நாளைக் காலை தெரிந்துவிடும். உடையாமல் நின்றால் வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் வலப்பக்கம் பார்த்து ஒரு சின்ன அம்புக்குறி போடுவோம்.